பட்டி குழைத்த கார்ட்

"அந்தக் காலத்தில் மனிசர் மனிசராக இருந்தார்கள், ஒருவருக்கொருவர் வஞ்சகம் இல்லை" என்று போன கிழமை உங்களில் ஒருவர் நம்முடைய பழைய மாணவர் குழுவில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கைகூப்பிய படம் போட்டிருந்தீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஏற்ற படம் கைபேசியில் இருக்கவில்லை. அறுபதைக் கடந்துவிட்டோம், இனியாவது பொய் சொல்லாமல் இருப்போம். வஞ்சகம் இருந்தது. எங்கள் வளவில், ஒரு காரைச் சுற்றி, ஒரு சோளகக் காற்றுக் காலம் முழுவதும் இருந்தது. சொல்கிறேன், வாசியுங்கள்.

என் அப்பா காருக்குப் பெயின்ற் அடிப்பவர். தாழ்வுபாட்டு வீதியில் எங்கள் வளவின் முன்பக்கம் ஒரு தகரக் கொட்டில், அதுதான் கராஜ். அப்போது இங்கே கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஆனால் உப்புக்காற்று அந்தக் கார்களைத் தின்றுகொண்டே இருந்தபடியால் அப்பாவுக்கு வேலை ஓயவில்லை. அம்மா தாழ்வுபாட்டில் சம்மாட்டி வீட்டுப் பெண். வள்ளமும் வலையும் கூலியாட்களும் உள்ள வீடு. அந்த வீட்டுக்குத் தெரியாமல் அம்மா அப்பாவைக் கலியாணம் முடித்தார். அன்றைக்கு அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, கதவை அடைத்தார். பிறகு திறக்கவேயில்லை. தன்னைப் பெற்ற தகப்பன் இறந்தபோதுகூட அம்மா என்னைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசல் படலைக்கு வெளியே நின்று அழுதுவிட்டு வந்தாராம். இதை அம்மா எனக்குச் சொன்னதில்லை. அப்பாதான் சண்டை வரும்போதெல்லாம் எடுத்துச் சொல்லுவார், அம்மாவுக்கு நோகவேண்டும் என்பதற்காகவே.

எனக்குப் பதினொரு வயது. சோளகம் மண்ணை அள்ளி முகத்தில் எறியும் ஒரு காலையில் மாமாவின் கறுப்பு ஏ-ஃபோர்ட்டி கார் எங்கள் கொட்டில் வாசலில் வந்து நின்றது. மாமா வரவில்லை. அவருடைய றைவர்தான் இறங்கினார்.

"சம்மாட்டியார் விட்டவர் அண்ணை. மகளுக்குக் கலியாணம். அதுக்கு முன்னம் கார் கண்ணாடி மாதிரி வேணுமாம்."

"ஏன், அவருக்குக் கால் இல்லையோ? வந்து சொல்ல ஏலாதோ?"

"எனக்கென்ன தெரியும்? விட்டிட்டு வரச் சொன்னவர்."

"திருப்பிக் கொண்டு போ" என்றார் அப்பா.

அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தார். "விட்டிட்டுப் போங்கோ தம்பி. முதல்லை காரை விட்டிருக்கிறார். பிறகு அண்ணரும் வருவார்."

"கார் வந்திருக்கு, ஆள் வரேல்லை. வித்தியாசம் தெரியாமல் நிக்கிறாய்."

நம்முடைய பக்கத்தில் கலியாணத்துக்குச் 'சொல்ல' வேண்டும். பெற்றவர் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, "இன்ன நாள், எல்லாரும் வந்திடுங்கோ" என்று வாயால் சொல்ல வேண்டும். கார்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான். சொல்லாத கலியாணத்துக்கு மானம் உள்ளவர்கள் போகமாட்டார்கள். கூடப் பிறந்தவளுக்குச் சொல்லாமல் விட்டால் அந்த உறவை வெட்டிப் புதைத்துவிட்டதாகத்தான் ஊர் எடுத்துக்கொள்ளும். மாமா வந்து சொல்லுவாரா மாட்டாரா என்பதைத் தவிர அந்தக் காலம் முழுவதும் அம்மாவின் தலைக்குள் வேறொன்றும் இருக்கவில்லை. நான் இருந்தேனா என்பதும் சந்தேகம்.

மீன் ஏற்றி ஏற்றிக் காரின் பின்பெட்டியின் அடித்தகடு அப்பளமாகிப் போயிருந்தது. மூடியைத் திறந்தால் சூடை மீன் நாற்றம் குடலைப் பிடுங்கும். அப்பா தகடு வெட்டி ஒட்டினார், நெளிவுகளைத் தட்டி எடுத்தார். ஒவ்வொரு அடிக்கும் மாமாவுக்கு ஒரு பேச்சு விழுந்தது. எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது, நம்மில் இரண்டு பேர் கன்னியாஸ்திரிகள்.

தட்டி எடுத்த பிறகும் நிற்கிற பள்ளங்களைப் பட்டி வைத்து அடைக்க வேண்டும். பட்டி என்பது ஒரு தடித்த பசை. அதைக் குழைக்கவும் இழுத்துப் பூசவும் வளையக்கூடிய மட்டை தேவை. தகரம் கீறிவிடும், பலகை வளையாது. அப்பா அதற்குப் பழைய கலியாணக் கார்ட்டுகளைத்தான் வைத்திருந்தார். ஊரில் நடந்த கலியாணங்கள் எல்லாம் எங்கள் கொட்டிலில் ஒரு பால்மாத் தகரத்துக்குள் அடுக்கியிருந்தன. கார்ட்டின் தடிப்பை வைத்துத்தான் அப்பா ஒரு கலியாணம் நல்ல கலியாணமா என்று சொல்லுவார்.

பெயின்ற் அடிப்பது ஒரு நாள் வேலை. உரஞ்சுவதுதான் உயிரை எடுப்பது. பட்டி காய்ந்தால் உரஞ்ச வேண்டும். சாம்பல் நிறத்தில் அடிச்சாயம் அடித்து உரஞ்ச வேண்டும். அதன்மேல் கறுப்பு அடித்துக் காயவிட்டு மறுபடி உரஞ்ச வேண்டும். வோட்டர் பேப்பர் என்கிற கறுப்புக் கடதாசியைத் தண்ணீரில் ஊறவைத்து, தேய்ந்த றப்பர்ச் செருப்பில் வெட்டிய துண்டில் சுற்றி, சவர்க்காரம் தொட்டு நேர்கோட்டில் இழுக்க வேண்டும். முதலில் கறகற என்று கேட்கும். போகப் போகச் சத்தம் குறையும். கடைசியில் ஒரு சத்தமும் இல்லாமல் கடதாசி தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் அந்த இடம் முடிந்தது. அதிலும் கறுப்பு பொல்லாத நிறம். ஊசிமுனை அளவு மேட்டையும் நாலு பேருக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

அந்த உரஞ்சல் முழுவதையும் அம்மா தன் கையில் எடுத்துக்கொண்டார். விடியச் சமைத்து வைத்துவிட்டு வந்து குந்தினால் பொழுதுசாய்கிற வரைக்கும் எழும்ப மாட்டார். விரல் நுனிகளில் தோல் உரிந்து, அதற்குள் கறுப்பு இறங்கியது. எங்கள் கிணறு உப்பு. உப்புத்தண்ணீரில் உரஞ்சினால் உப்பு பெயின்றுக்கு அடியில் தங்கிப் பிறகு அம்மை போட்டதுபோலக் கொப்புளிக்கும். ஆகவே அம்மா கீரி வீதியில் இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு நடந்துபோய்க் குடத்தில் சுமந்து வந்தார். நான் உப்புத்தண்ணீரில் குளித்தேன், மாமாவின் கார் நல்ல தண்ணீரில் குளித்தது.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. அப்பாவின் கை காய்த்துப் போனதால் அதற்கு மேடு பள்ளம் தெரியாது. "பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு தடவு" என்பார். தகட்டின்மேல் மெல்லிய துணியை விரித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக நகர்த்தினால் கண்ணுக்குப் பிடிபடாதது எல்லாம் கைக்குப் பிடிபடும். நான் "இதிலை" என்றால் அப்பா சோக்குக்கட்டியால் வட்டம் போடுவார், அம்மா அந்த வட்டத்தை உரஞ்சுவார். இரண்டு பெரிய மனிசர் என் சொல்லுக்கு ஆடினார்கள். அது எனக்குத் தலைக்கேறிவிட்டது. சில நாட்களில் ஒன்றுமே இல்லாத இடத்தையும் காட்டினேன். அம்மா அதையும் உரஞ்சினார்.

நடுவில் ஒரு கழுதையும் வந்தது. இரண்டாம் தரம் கறுப்பு அடித்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அப்பா சுருட்டுப் பற்ற வைக்க ரோட்டுக்குப் போனார். அந்த இடைவெளியில் உள்ளே வந்த கழுதை வலப்பக்கக் கதவில் தன் விலாவை வைத்து, கடி தீரும்வரை ஆறுதலாக உரஞ்சிவிட்டுப் போனது. கதவில் சாம்பல் மயிர் குத்திட்டு நின்றது. அப்பா சுத்தியலைத் தூக்கிக்கொண்டு சந்திவரை அதைத் துரத்தினார். திரும்பி வந்து மூச்சு வாங்க அம்மாவிடம், "உன்ர அண்ணன்தான் அனுப்பியிருப்பான்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா இடுக்கியை எடுத்துவந்து அந்த மயிர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பூசை முடிந்து வந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு உரஞ்சத் தொடங்கினார். அன்றைக்குக் கோயிலில் மாமாவின் மகளான என் மச்சாளின் விவாக அறிவித்தலைச் சுவாமியார் வாசித்திருந்தார். மாமா முன்வாங்கில் இருந்தாராம், திரும்பிப் பார்க்கவில்லையாம். காரின் முன்மூடியான பொனற்றின் நடு விளிம்பில் பெயின்ற் மெல்லிசு, அங்கே கையை அழுத்தக்கூடாது. அம்மா அழுத்தினார். கறுப்பு போய்ச் சாம்பல் அடிச்சாயம் ஒரு கோடாக வெளியே வந்துவிட்டது.

"உன்ர பாசம் அடிச்சாயத்துக்குப் போட்டுது!" என்று அப்பா கத்தினார். "ஒரு கிழமை வேலை! எழும்பு இதிலையிருந்து!"

"நீங்கள் திருப்பி அடியுங்கோ. நான் திருப்பி உரஞ்சுறன்."

"அவன் வரமாட்டான்."

"வருவார்."

"வந்தால் என்ர மீசையைச் சிரைக்கிறன்."

"அப்ப கத்தியைத் தீட்டி வையுங்கோ" என்றார் அம்மா.

அதற்கு இரண்டு நாள் கழித்து அம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரம் றைவர் சைக்கிளில் வந்தார். பின் மட்காட்டில் என் கை ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்திருந்தது. அதை அடைக்க அப்பா பட்டி குழைக்க ஆயத்தமாக நின்றார். றைவர் சேர்ட் பைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார்.

"அண்ணை, சம்மாட்டியார் தரச் சொன்னவர்."

"தரச் சொன்னவரோ, சொல்லச் சொன்னவரோ?"

"தரச் சொன்னவர். மிச்சம் எனக்குத் தெரியாது."

"மற்ற ஆக்களுக்கு ஆர் போய்ச் சொன்னது?"

றைவர் நிலத்தைப் பார்த்தார். "அவர்தான் வீடு வீடாய்ப் போய்ச் சொன்னவர்."

அவர் போன பிறகு அப்பா உறையை என்னிடம் நீட்டினார். "என்ன எழுதியிருக்கு? வாசி."

வாசித்தேன். "பெயின்ரர் குடும்பம், தாழ்வுபாட்டு வீதி."

"இன்னொருக்கால் வாசி."

இன்னொரு தரமும் அதேதான் எழுதியிருந்தது. அம்மாவின் பெயர் இல்லை, தங்கச்சி என்று இல்லை. அப்பா உறையை வாங்கிக் கிழித்தார். கார்ட்டை வெளியே இழுத்தார். நல்ல தடித்த கார்ட், மேலே இரண்டு புறா. கத்தியால் அதன் ஓரத்தை நேராக வெட்டினார், புறாக்களின் தலை போய்விட்டது. பட்டியை அதன்மேல் போட்டுக் குழைத்து, மட்காட்டில் ஒரே இழுவையில் பூசினார். பிறகு ரோட்டுக்குப் போய் உறையைக் கொளுத்திச் சுருட்டுப் பற்ற வைத்தார்.

"கொம்மாவுக்குச் சொல்லாதை" என்றார்.

நான் சொல்லவில்லை. பயத்தில் என்று நினைக்காதீர்கள். எனக்கு அது இனித்தது. அத்தனை நாளாக அம்மாவின் முதுகைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தை அந்தக் கார் எடுத்துக்கொண்டுவிட்டது. அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தார். பட்டி காய்ந்ததும் குந்தியிருந்து அதை உரஞ்சினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கடைசிக் கிழமை கம்பவுண்ட் என்கிற களிம்பைப் போட்டு, பழைய பருத்திச் சேலைத் துண்டால் மினுக்கினார்கள். எங்கள் வளவு முழுவதும் கதவில் தெரிந்தது. பனைமரம், தகரம், கொடியில் காய்ந்த என் சட்டை எல்லாம் கொஞ்சம் வளைந்து தெரிந்தன. சும்மா சொல்லக்கூடாது, அதைப்போல ஒரு மினுக்கத்தை நான் பிறகு எங்கும் காணவில்லை. இப்போது மிசினால் மினுக்குகிறார்கள். கையை வைத்தால் தோடம்பழத் தோல் மாதிரி மேடுபள்ளம்.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் மாமா வந்தார்.

அம்மா காலையிலிருந்தே கோயில் சேலையோடு நின்றார். கையை மண்ணெண்ணெயும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்திருந்தார், நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. மாமரத்தின் கீழே கதிரை போட்டிருந்தது. மாமா அதில் இருக்கவில்லை. காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். கதவில் தன் முகத்தைப் பார்த்தார்.

"வேலை திறம்" என்றார், காரைப் பார்த்து. பிறகு அம்மாவைப் பார்த்து, "கார்ட் கிடைச்சதுதானே?" என்றார்.

"என்ன கார்ட் அண்ணை?"

மாமா திரும்பினார். பின்னால் றைவர் நின்றார். "டேய், குடுத்தனியோ இல்லையோ?"

"குடுத்தனான் முதலாளி. பெயின்ரர் அண்ணையின்ர கையிலை குடுத்தனான். இந்தப் பிள்ளையும் பக்கத்திலை நிண்டது."

"எனக்கு ஒரு கார்ட்டும் வரேல்லை" என்றார் அப்பா. "பொய் சொல்லுறான். வேணுமெண்டால் பிள்ளையைக் கேளுங்கோ. பிள்ளை, கார்ட் வந்ததோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். றைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளை உண்மையைச் சொல்லும் என்ற நம்பிக்கையில் வந்த சிரிப்பு அது.

"இல்லை" என்றேன்.

மாமா ஓங்கி அறைந்தார். றைவர் விழாமல் இருக்கக் கார்க் கதவில் கையை ஊன்றினார். ஐந்து விரலும் கதவில் பதிந்தன. அம்மா ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பால் அந்தக் கை அடையாளத்தைத் துடைத்தார். றைவரின் முகத்தை அவர் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்தார்.

"நாளைக்கு நீ வேலைக்கு வரத் தேவையில்லை" என்றார் மாமா. பிறகு வந்து அந்தக் கதிரையில் இருந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியை வாங்கினார். "தங்கச்சி, நாளைக்குப் பிள்ளைக்குக் கலியாணம். எல்லாரும் வந்திடுங்கோ."

சொல்லிவிட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மீசையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கலியாணத்துக்குப் போனோம். புதிய ஆள் ஒருவன் காரை ஓட்டி வந்தான். கோயில் வாசலில் காரைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், பெம்பிளையை இரண்டாவதாகப் பார்த்தார்கள். அம்மா பெம்பிளைக்குப் பின்னால் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அந்த றைவரின் மகள் நம்முடைய வகுப்பில் படித்தாள். இப்போது உங்களுக்கு விளங்கத் தொடங்கியிருக்கும். திங்கட்கிழமை இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் அவள் என்னிடம் வந்தாள். ஒருவருக்கும் கேட்காமல், என்னிடம் மட்டும் கேட்டாள்.

"என்ர அப்பா உங்கட வீட்டை கார்ட் குடுத்தவராம். நீயும் நிண்டனியாம். ஏன் இல்லையெண்டனி?"

இவள் இதை வேறு யாரிடமாவது சொன்னால் மாமாவுக்குப் போகும், மாமா மறுபடி கதவை அடைப்பார், அம்மா மறுபடி படலைக்கு வெளியே நிற்பார். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகக் கத்தினேன்.

"போடி கார்ட்! கார்ட்டை ஒளிச்சவன்ர மகள்!"

நீங்கள் சிரித்தீர்கள். முதலில் சிரித்தது யார் என்பதும் எனக்குத் தெரியும். கிழமை முடிவதற்குள் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. டீச்சரும் ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டு, தானே சிரித்தார். அவளுடைய அப்பாவுக்கு வேறு யாரும் கார் கொடுக்கவில்லை. சைக்கிளில் பெட்டி கட்டி அடம்பன் பக்கம் மீன் விற்கப் போனார்.

அந்த நத்தார்ப் பண்டிகைக்கு மாமா வீட்டில் நின்றபோது யாரோ அரசாங்கக் கந்தோர்க் கடதாசி ஒன்று கொண்டு வந்தார்கள். மாமா பெருவிரலை மையில் அமத்தி வைத்தார். மாமாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. உறைகளை எல்லாம் எழுதியவர் அவருடைய மீன்வாடிக் கணக்கப்பிள்ளை. அந்த மனிசருக்கு எங்களைப் பெயின்ரர் குடும்பம் என்றுதான் தெரியும். மாமா வராததற்குக் காரணமும் பிறகு மாமி சொல்லித் தெரிந்தது. அம்மா முகத்தில் அடித்ததுபோல ஏதும் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, முதலில் காரையும் பிறகு கார்ட்டையும் விட்டுப் பார்த்தாராம். அண்ணனுக்கு எழுத வராது என்று தெரிந்த அம்மாவிடம் உறையைக் காட்டியிருந்தால் ஒரு நொடியில் எல்லாம் தெளிந்திருக்கும். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "மாமாவுக்கு எழுதத் தெரியாது" என்றேன். "எனக்கு ஆர் சொன்னது?" என்றுவிட்டு அப்பா வேறு யாருடையதோ கதவை உரஞ்சிக்கொண்டிருந்தார்.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து மடுக் கோயிலில் கிடந்த நாட்களில் அந்த றைவரைக் கண்டோம். கிழடாகிப் போயிருந்தார். தண்ணீர் வரிசையில் அம்மா மயங்கப் பார்த்தபோது தன்னுடைய தண்ணீர்க் கானிலிருந்து ஊற்றி நீட்டினார். அம்மா முகத்தைத் திருப்பினார். "உந்தப் பொய்க்காரன்ர தண்ணி எனக்கு வேண்டாம்." நான் அப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வாயைத் திறக்கவில்லை. அம்மா தன் அண்ணனின் தங்கச்சியாகவே கண்ணை மூடினார். எனக்கு அது போதும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

போன மாதம் நாம் கூடினபோது அவளும் வந்திருந்தாள். "கார்ட், இஞ்சை வா, படம் எடுப்பம்" என்று கூப்பிட்டீர்கள். அன்பாகத்தான் கூப்பிட்டீர்கள். அவளும் சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். அவளோடு வந்த பேரன், "ஏன் அம்மம்மாவைக் கார்ட் எண்டு கூப்பிடுறீங்கள்?" என்று கேட்டான். உங்களில் ஒருவருக்கும் காரணம் ஞாபகம் இல்லை. எனக்குத்தான் பழைய கதையெல்லாம் ஞாபகம் என்று எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். அவளும் பார்த்தாள். நான் தெரியாது என்றேன்.

இப்போது தெரிந்துவிட்டதுதானே. அவளுடைய அப்பா கார்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர். என் அப்பா வாங்கினார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி அவளை அப்படிக் கூப்பிடாதீர்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கிறது. இதை எழுதத் தொடங்கும்போது அந்தப் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். இரண்டு நாளாக யோசிக்கிறேன், வரவில்லை. அவளிடம் இருப்பது சின்னக் கைபேசி, அவள் இந்தக் குழுவிலும் இல்லை. என்னுடைய கைபேசியில் அவளுடைய நம்பருக்கு மேலே 'கார்ட்' என்றுதான் கிடக்கிறது. உங்களில் யாருக்காவது அவளுடைய பெயர் தெரிந்தால் எழுதுங்கள்.